கார்க் கூரையில் ஒரு பெருவிரல்

கோயிலுக்குப் போவார் என்றுதான் சொன்னேன். அதில் என்ன பிழை என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஒன்றரை மாதமும் விளங்கவில்லை.

கேள்வி இதுதான்: உங்கள் கணவர் ஓய்வு நேரத்தில் என்ன செய்வார்? கேட்டவர் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்து அதிகாரி. எந்த நாடு என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தச் சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் காத்திருந்த எங்களுக்கு எல்லா நாடும் ஒன்றுதான். அங்கே குளிர் இருந்தது, கணவர் இருந்தார், போவதற்கு விசா வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அவர் அங்கிருந்து வந்து, கொழும்பில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டி, பதினேழு நாள் என்னோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். பதினேழில் பதினொரு நாளை உறவுக்காரர் விருந்து வைத்துத் தின்றுவிட்டார்கள். நானும் அம்மாவும் யாழ்ப்பாணம் திரும்பவில்லை. கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், ஒரு அறையும் குசினியும் எடுத்துத் தங்கிவிட்டோம். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் தாளில் கொழும்பில் தங்கும் காரணம் என்ற இடத்தில் 'வெளிநாடு செல்ல' என்று எழுதினோம். எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் அதையேதான் எழுதியிருப்பார்கள்.

அங்கே என்னைப்போலக் காத்திருந்த பெண்களிடம் ஒரு கொப்பி இருந்தது. நேர்முகத்துக்குப் போய் வந்தவள் எவளோ, தன்னிடம் கேட்ட கேள்விகளை அதில் எழுதிவைக்கவேண்டும் என்பது ஒழுங்கு. கல்யாண மண்டபத்துக்கு எத்தனை படி? மாப்பிள்ளை எந்தக் கையில் மணிக்கூடு கட்டியிருந்தார்? மாமியாருக்கு என்ன வருத்தம், சீனியா, பிரஷரா? உயர்தரப் பரீட்சைக்குப் பழைய வினாத்தாள் செய்து பழகிய பிள்ளைகள் நாங்கள். கேள்விக்குப் பக்கத்தில் மாதிரி விடையும் எழுதினோம். ஓய்வு நேரக் கேள்விக்கு மாதிரி விடை: கோயிலுக்குப் போவார், பிறகு வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பார். அந்தக் கொப்பியில் இருந்த கணவர்களில் ஒருவர்கூடக் குடிக்கவில்லை, சீட்டு விளையாடவில்லை, படம் பார்க்கவில்லை. அத்தனைபேரும் தங்கமான மாப்பிள்ளைகள்.

பாடமாக்குவதில் என்னை அடிக்க ஆளில்லை. கோயில் என்று சொன்னேன். கூடவே வெள்ளிக்கிழமை மரக்கறி என்றும் சேர்த்துவிட்டேன், கேட்காமலே.

ஒன்றரை மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. கணவர் தன்னுடைய பக்கத்து விசாரணையில், ஓய்வு நேரத்தில் பிளாஸ்ரிக் கார் மொடல்களுக்குப் பெயின்ற் அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மனைவிக்கு அது தெரியவில்லை. ஆகவே இந்தத் திருமணம் உண்மையானது என்று நம்ப இடமில்லை. விரும்பினால் மேன்முறையீடு செய்யலாம், இன்னொரு நேர்முகம் தரப்படும்.

அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"பிளாஸ்ரிக் காரோ? விளையாட்டுச் சாமானோ?"

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"முப்பத்துமூண்டு வயசு ஆம்பிளை. தரகர் இதைப்பற்றி ஒரு கதை கதைக்கேல்லையே. குடி இருக்கோ, வேற தொடுப்பு இருக்கோ எண்டெல்லாம் விசாரிச்சம். இதை ஆர் விசாரிக்கிறது?"

நான் அந்தப் பதினேழு நாளையும் மனதுக்குள் உதறிப்போட்டுத் தேடினேன். அவர் நிறைய நித்திரை கொண்டார். கத்தரிக்காய்ப் பொரியல் என்றால் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார். கடற்கரையில் தண்டவாளத்துப் பக்கத்தில் நின்று "நல்ல காத்து" என்றார். கார் எங்கேயும் இல்லை. எனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் வைத்திருக்கிறார் என்று கோபம் வந்தது. அதைக் கேட்காமல் விட்டது நான்தானே என்று வெட்கமும் வந்தது. இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் இருந்தது, காசு கொடுத்து வெளிநாட்டுக்குக் கதைக்கும் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கதைக்கவேண்டும். வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லாம் கேட்கும்.

"ஓம், அப்பிடித்தான் சொன்னனான்," என்றார் கணவர். "நீரும் அதைப் பழகினால் நல்லது. ஒரு பெட்டி அனுப்பிறன். அடுத்த முறை கேட்டால் சொல்லலாம்."

ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பயணப் பையில் பெட்டி வந்தது. மூலை நசுங்கியிருந்தது. திறந்தால் உள்ளே கார் இல்லை, சட்டம் சட்டமாகச் சாம்பல் நிறப் பிளாஸ்ரிக். மாத்திரை அட்டையில் குளிசை இருப்பதுபோலக் கதவுப்பிடி, கண்ணாடிச் சட்டம், சக்கரம் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. காரின் உடல் மட்டும் முழுசாக, உள்ளங்கை அளவில் இருந்தது. பெயின்றை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களாம், நீரே அங்கே வாங்கும் என்று கடிதம். அதோடு செய்முறை. உறுப்புகளைப் பிடுங்கவேண்டாம், வெட்டவும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடவும். வெட்டிய இடத்தைச் சான்ட் பேப்பரால் தேய்க்கவும். முதலில் அண்டர்கோட், அதாவது அடிப்பூச்சு. பிறகு பெயின்றைப் பால்போலக் கரைத்து, மெல்லிதாக, மூன்று தரம்.

நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். எந்தப் பால்?

"இதென்ன கேள்வி," என்றார் அம்மா. "பவுடர் கரைக்கிற மாப்பால் எண்டால் தண்ணி. பசுப்பால் எண்டால் கொஞ்சம் தடிப்பு. தேங்காய்ப்பால் எண்டால் முதற்பாலோ, ரெண்டாம் பாலோ, கடைசிப்பாலோ? எழுதிற மனுசன் விளப்பமா எழுதவேண்டாமே."

காலி வீதி இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிங்களவர், வயதானவர். "மொன வாஹனெகடத நங்கி?" என்று கேட்டார். எந்த வாகனத்துக்குத் தங்கச்சி என்கிறார். காருக்கு என்றேன். பெரிய பெயின்ற் ரின் ஒன்றை இறக்கினார். பொடி கார் எகக், சின்னக் கார், என்றேன். கொச்சற பொடித, எவ்வளவு சின்னது, என்று கேட்டார். உள்ளங்கையைக் காட்டினேன். அவர் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பெரிய ரின்னைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டு, தேடிப் பிடித்து, இருந்ததிலேயே சின்ன ரின்னை எடுத்துத் தந்தார். வாசல் கேற்றுக்கு அடிக்கும் பச்சை. வேறு நிறம் அந்த அளவில் இல்லை. கணவர் அனுப்பிய பெட்டியின் படத்தில் கார் சிவப்பு. நான் பச்சையோடு வீட்டுக்கு வந்தேன்.

முதற்பால் பதத்தில் கரைத்தேன். கெட்டியாக இருந்தால் ஒரு தரத்திலேயே வேலை முடியும் என்று நினைப்பு. கதவில் பெயின்ற் வழிந்து கீழே வந்து குமிழாக நின்றது. அம்மாவின் தலைமயிர் ஒன்று பொனற்றில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காய்ந்துவிட்டதா என்று கூரையில் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். காயவில்லை. விரலை எடுத்தபோது என் ரேகை அத்தனையும் பச்சையில் பதிந்திருந்தது, பத்திரத்தில் கைநாட்டு வைத்ததுபோல.

அழுகை வந்தது. ஒரு விளையாட்டுச் சாமானுக்கு அழுகிறாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். காருக்கு இல்லை. இதுகூடச் சரியாக வராவிட்டால் என்னை அங்கே விடமாட்டார்கள் என்று நினைத்தேன், அதற்குத்தான். புருஷன் ஒரு நாட்டிலும் நான் ஒரு நாட்டிலுமாகக் கிழடாகிப் போவோம் என்று நினைத்தேன்.

பெயின்ற் கரைக்கும் தின்னரில் எல்லாவற்றையும் துடைத்து மறுபடி தொடங்கினேன். சின்ன உறுப்புகளை ஈர்க்கில் ஒட்டி, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கில் குத்தி நிறுத்தினேன். தூசி விழாமல் சாப்பாடு மூடும் வலையால் மூடினேன். கடற்காற்றில் எதுவும் சொன்ன நேரத்தில் காயாது. செய்முறையில் ஒரு நாள் என்றால் வெள்ளவத்தையில் மூன்று நாள். கரையோர ரயில் போகும்போது வலைக்குள் ஈர்க்குகள் எல்லாம் தலையாட்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள மெல்லிய வெள்ளிக் கோட்டுக்கு எந்தத் தூரிகையும் சரிவரவில்லை. அம்மா தன்னுடைய சாந்துப் பொட்டுக் குச்சியைக் கொண்டுவந்து தந்தார்.

"இதால இழுத்துப் பார். கை நடுங்கினால் மூச்சைப் பிடி."

அதற்குப் பிறகு அம்மா காலையில் எழும்பியதும் கேட்கும் முதல் கேள்வி, "கார் காஞ்சிட்டுதோ?" என்பதுதான். விளையாட்டுச் சாமான் என்ற பேச்சு எங்கே போனதோ தெரியாது.

மூன்றாம் முயற்சியில் பிடிபட்டது. பதம் இரண்டாம் பால். தூரிகையைத் தூக்கினால் பெயின்ற் சொட்டவும் கூடாது, தங்கவும் கூடாது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நாள். நாலாம் வாரம் கூரையின் பளபளப்பில் எங்கள் யன்னல் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல? அவருக்கு எழுதினேன். பால் என்று எழுதாதீர்கள், இரண்டாம் பால் என்று எழுதுங்கள் என்று எழுதினேன். நீங்கள் மயிர் ஒட்டினால் எப்படி எடுப்பீர்கள், விரல் அடையாளத்தை எப்படி மறைப்பீர்கள் என்று கேட்டேன். பதில் கடிதத்தில் அங்கே பனி கொட்டுவதாகவும், நான் வரும்போது தடித்த சப்பாத்து வாங்கவேண்டும் என்றும் இருந்தது. திரும்பக் கேட்டேன். 'அதெல்லாம் பழகப் பழக வரும்' என்று ஒரு வரி வந்தது. எனக்குக் குழப்பமாக இருந்தது. இந்த மனுசனுக்கு என்னோடு கதைக்க இருக்கும் ஒரே விஷயம் இதுதானே. இதைக்கூடக் கதைக்க மனமில்லையா?

மேன்முறையீட்டு நேர்முகத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று நேராகவே கேட்டேன்.

"கூரையில விரல் அடையாளம் விழுந்தால் நீங்கள் என்ன செய்வீங்கள்? அதைக் கேட்பினம் எண்டால் நான் என்ன சொல்லிறது?"

பதிலை எழுதிக்கொள்ளப் பேனையும் துண்டும் எடுத்தேன்.

"நான் ஒருநாளும் செய்ததில்லை," என்றார்.

"என்ன?"

"அந்தக் கார். நான் ஒண்டுக்கும் பெயின்ற் அடிச்சதில்லை. நான் வேலை செய்யிற களஞ்சியத்தில அந்தப் பெட்டியளைத்தான் அடுக்கிறது. பின்னேரம் அங்க. காலமை ஒரு ஹொட்டலில கோப்பை கழுவிறன். ஞாயிறும் வேலை. அவன் ஓய்வு நேரத்தில என்ன செய்வீர் எண்டு கேட்டான். ஓய்வு நேரம் இல்லையெண்டால், பிறகு மனுசியை ஏன் கூப்பிடுறாய், எப்ப பாப்பாய் எண்டு கேப்பான் எண்டு பயந்திட்டன். கண்ணுக்கு முன்னால வந்தது அந்தப் பெட்டிதான்."

"அப்ப நீங்கள் எழுதின செய்முறை?"

"பெட்டிக்குள்ள இருந்த தாளைப் பாத்துத் தமிழில எழுதினனான்."

பின்னால் வரிசையில் நின்ற ஒரு மனுசன் கண்ணாடியில் தட்டினார். நான் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். எந்தப் பக்கம் நடந்து வீடு வந்தேன் என்று தெரியாது. நாலு மாதமாக நான் பழகியது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது யாருடையதும் இல்லை. அப்படியானால் நான் யாரைப் பழகினேன்? இரண்டு வேலை செய்கிற மனுசனையா? அவரைப் பற்றி அந்த ஒரு அழைப்பில்தான் முதல்முறையாக அறிந்தேன். ஏமாற்றிவிட்டார் என்று ஆத்திரம். கோப்பை கழுவுகிற கையை நினைக்கப் பாவம். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அந்தப் பதினேழு நாளும் அந்தப் பிள்ளை அலுப்பில படுத்திருக்கு," என்றார்.

அன்றிலிருந்து மூன்று கிழமையும் ஒரே யோசனை. கார் என்று சொன்னால் பதில் பொருந்தும், ஆனால் பொய். இல்லை என்று சொன்னால் உண்மை, ஆனால் இரண்டாம் முறையும் பொருந்தாது. கொப்பியைப் புரட்டினேன். அதில் இதற்கு மாதிரி விடை இல்லை.

இந்த முறை வேறு அதிகாரி, ஒரு பெண். மொழிபெயர்த்தவர் முதல் நேர்முகத்திலும் இருந்த அதே தமிழ் அம்மாதான், சேலை கட்டி, மூக்குக்கண்ணாடி போட்டவர். நாலைந்து கேள்விக்குப் பிறகு அதே கேள்வி வந்தது. உங்கள் கணவர் ஓய்வு நேரத்தில் என்ன செய்வார்?

வாசலில் ஏறும்வரைக்கும் கார் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாய் திறந்தபோது வேறு வந்தது.

"அவருக்கு ஓய்வு நேரமே இல்லை. ரெண்டு வேலை, ஞாயிறும் வேலை. கார் எண்டு அவர் பயத்தில சொன்னது. காருக்குப் பெயின்ற் அடிக்கிறது நான்."

தமிழ் அம்மா மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். "பிள்ளை, யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றார் மெல்ல.

"யோசிச்சுத்தான் சொல்லுறன்."

அவர் மொழிபெயர்த்துச் சொன்னார். அதிகாரி எழுதவில்லை. என் பைலைப் புரட்டி ஒரு படத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். அப்படியானால் இது என்ன என்று கேட்டார். போன கிழமை உங்கள் கணவர் அனுப்பியது.

படத்தில் அவர் ஒரு குசினியில் நிற்கிறார். பரீட்சை மண்டபத்தில் பார்த்தெழுதி அகப்பட்டவனுடைய சிரிப்பு. கையில், கமராவுக்குக் கிட்ட நீட்டிப் பிடித்தபடி, ஒரு கார். என்னிடம் இருந்த அதே மொடல்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செய்வதில்லை என்றாரே? அப்போது பொய் சொன்னாரா, இப்போது பொய் சொல்கிறாரா? நான் இந்த இடத்தில் உண்மை என்று சொன்னது என்ன? படத்தைக் கிட்ட எடுத்துப் பார்த்தேன். கதவில் பெயின்ற் வழிந்து குமிழாக நின்றது. அண்டர்கோட் போடாததால் சக்கரத்துக்கு மேலே பிளாஸ்ரிக் பல்லிளித்தது. கூரையின் நடுவில், பெரிதாக, ஒரு பெருவிரல்.

ரெலிபோனை வைத்த பிறகு உட்கார்ந்து செய்திருக்கிறார். சொன்ன பொய்யை உண்மையாக்க. விளங்கியதும் எனக்கு வந்தது பாசம் இல்லை, பத்திக்கொண்டு வந்த கோபம்.

"இதென்ன வேலை இது!" என்றேன், படத்தைப் பார்த்து. "எத்தினை கடிதத்தில எழுதினனான்! முதற்பாலில அடிச்சிருக்கிறார். ரெண்டாம் பால், ரெண்டாம் பால் எண்டு எழுதினதை வாசிச்சவரோ இல்லையோ? காயமுதல் விரலை வைச்சிருக்கிறார், பொறுமை இல்லாத மனுசன். கழுவவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. இதையும் படம் பிடிச்சு அனுப்பியிருக்கிறார், வெக்கமில்லாமல்!"

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். தமிழ் அம்மாவுக்கு முதற்பாலை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தேங்காய்ப்பூவைப் பிழிவதுபோல இரண்டு கையாலும் பிழிந்து காட்டினார். பிறகு தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்து காட்டினார். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா, இருமினாரா, எனக்குத் தெரியவில்லை.

"உங்களுடைய கார் என்ன நிறம்?"

"பச்சை."

"ஏன் பச்சை?"

"கேற்றுக்கு அடிக்கிற பெயின்ற்தான் சின்ன ரின்னில இருந்தது."

அவர் படத்தை விரலால் தொட்டார். "அங்கே எல்லா நிறமும் கிடைக்குமே. இவருடையது ஏன் பச்சை?"

நான் படத்தைத் திரும்பப் பார்த்தேன். வழிசல், பல்லிளித்த பிளாஸ்ரிக், விரல் எல்லாம் கண்ணில் பட்டது. நிறம் மட்டும் படவில்லை. என் கடிதங்களில் ஒன்றில் எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தேன், சிவப்புக் கிடைக்கவில்லை, பச்சை அடித்திருக்கிறேன் என்று.

"தெரியாது," என்றேன். பிறகு அழுதுவிட்டேன். தமிழ் அம்மா அதை மொழிபெயர்க்கவேண்டி இருக்கவில்லை.

விசா இரண்டு மாதத்தில் வந்தது. நான் சொன்ன உண்மைக்குத் தந்தார்களா, அவர் சொன்ன பொய்க்குத் தந்தார்களா, நான் ஏசின ஏச்சுக்குத் தந்தார்களா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கொப்பியில் என்ன எழுதுவது என்று தெரியாமல், அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இருந்த கோயிலை மட்டும் வெட்டிவிட்டு வந்தேன்.

இங்கே வந்த முதல் மாதங்களில் அவரை நான் விழித்திருக்கப் பார்த்தது குறைவு. நான் எழும்பும்போது அவர் கோப்பை கழுவப் போயிருப்பார். ரெலிவிஷனுக்கு மேலே இரண்டு பச்சைக் கார்கள் நின்றன. அவருடையதைத் தேய்த்து மறுபடி அடித்துத் தரச்சொல்லி எத்தனையோ தரம் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. தேத்தண்ணி குடித்த பிறகு அதைக் கையில் எடுத்து, கூரையில் இருந்த அவருடைய விரல் அடையாளத்தில் என் பெருவிரலை வைத்துப் பார்ப்பேன். சுற்றிவர இடம் மிச்சம் இருக்கும்.